ஓர் ஒலிநாடாவின் வரலாறு: கே.ஏ. குணசேகரனும் ‘மனுசங்கடா’வும்



கூட்டம் தொடங்கத் தாமதமானால் மைக்செட்காரர் ஒரு பாட்டைப் போடுவார். அக்டோபர் 10 வீரவணக்கத்துக்குக் கூடும்போதும், ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட வரிசையில் நிற்கும்போதும் நாம் கேட்டு வளர்ந்த பாட்டு அது. ‘மனுசங்கடா’. எழுதியவர் யார் என்றால் மாணவர்கள் உடனே இன்குலாப் என்கிறார்கள். பாடியவர் யார் என்றால் பாதிப்பேர் விழிக்கிறார்கள். இந்த ஆண்டு உரையை அந்தக் குரலுக்கு ஒதுக்கியிருப்பது அதனால்தான்.

கே.ஏ. குணசேகரன் 1955இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தவர்; இளையான்குடியில் படித்து வளர்ந்தவர். இஸ்லாமியர் தெருவில் கிடைத்த மரியாதையையும் சாதி இந்துக்களின் ஊரில் கிடைத்த அவமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘வடு’ என்ற தன்வரலாற்றை 2005இல் எழுதினார். நாட்டுப்புறப் பாடல்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ‘பலி ஆடுகள்’ நாடகத்தைத் தந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியராகவும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். இவையெல்லாம் இலக்கிய வரலாறுகளில் கிடைக்கும். ‘தன்னானே’ கலைக்குழுவும் அவர் கொண்டுவந்த ஒலிநாடாக்களும் அந்தப் பட்டியலின் கடைசி வரியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கோ அந்தக் கடைசி வரிதான் முதலில் வந்தது. ‘வடு’வைப் படிக்குமுன்பே, படிக்கவே தெரியாத நம் தாய்மார்கள் குணசேகரனைக் கேட்டிருந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று பார்க்கவேண்டும். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு குரல் பதிவாக வேண்டுமானால் கம்பெனி சம்மதிக்க வேண்டும். வானொலியில் பாடக் குரல்தேர்வு இருந்தது. சபாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். பறை வேண்டும் என்று கேட்கவில்லை. எண்பதுகளில் கேசட் வந்தபிறகுதான் அந்த வாசல்களைச் சுற்றிப் போக ஒரு குறுக்குவழி கிடைத்தது. துபாய்க்கோ குவைத்துக்கோ போனவர் கொண்டுவந்த ‘டூ இன் ஒன்’ ஒன்று தெருவில் இருந்தால் போதும். பாட்டுக்கடையில் ஒரு வெற்று நாடாவைக் கொடுத்தால் மாலைக்குள் பிரதி எடுத்துத் தருவார்கள். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். நம்மிடம் வந்து சேர்ந்தது எத்தனையாவது பிரதியோ, பாட்டுக்குப் பின்னால் மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். உறையில் பேனாவால் எழுதிய பாட்டுப் பெயர்கள் இருக்கும், பாடகர் பெயர் இருக்காது. குரல் பரவியதும் பெயர் தொலைந்ததும் ஒரே வழியில்தான்.

அந்தக் குரலில் மெருகு கிடையாது. தொண்டையைத் திறந்து மேல்ஸ்தாயியில் பிடிப்பார். களத்துமேட்டில் எதிர்க்கரைக்குக் கேட்கக் கூப்பிடுகிறவரின் அளவு அது. சொல் தெளிவாக விழும். பறை அவருக்குப் பக்கவாத்தியம் அல்ல, கூடப் பேசுகிற ஆள். பிரச்சாரப் பாட்டு என்று சொல்லி இதைத் தள்ளிவைத்தவர்கள் இருக்கிறார்கள். நம் தோழர்களிலும் சிலர் இதைக் கூட்டம் சேர்க்கும் பாட்டாக மட்டுமே நினைத்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்வோம். அதை ஓர் இசைப்படைப்பாக உட்கார்ந்து கேட்டு ஒரு கட்டுரையாவது நாம் எழுதியிருக்கிறோமா?

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் ‘ஸோல்’ என்றோர் இசை உண்டு. தேவாலயத்தில் பழகிய குரல் தெருவின் துயரத்தைப் பாட வந்தபோது பிறந்தது. அரீதா பிராங்க்ளின் ஒரு போதகரின் மகள். அவரை உலகமே அறியும். டோரிஸ் டியூக்கை அறிந்தவர் குறைவு. 1970இல் ‘ஐ அம் எ லூசர்’ என்று ஒரு தொகுப்புத் தந்தார். ஒரு பாட்டு தரவரிசையில் ஏறியது. வெளியிட்ட சிறு கம்பெனி நொடித்துப்போனது. அவர் பெயரைச் சொன்னால் அதே பெயருள்ள கோடீஸ்வரச் சீமாட்டிதான் பலருக்கு நினைவுக்கு வருவார். ஆனாலும் பழைய இசைத்தட்டுகளைத் தேடுகிறவர்கள் அந்தத் தொகுப்பை விடவில்லை, மறுபதிப்பாக வரவைத்தார்கள். நம்மிடம் கேட்கும் ரசிகர்கள் உண்டு. மறுபதிப்புக் கேட்கும் ரசிகர்கள் இல்லை.

குணசேகரன் மெட்டுகளைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. ‘தன்னானே’ என்பதே நடவு வயலில் குனிந்த பெண்களின் வாயில் புழங்கும் சொல். ஒப்பாரியும் தெம்மாங்கும் தாலாட்டும் அவர்களுடைய சொத்து. கொல்லங்குடி கருப்பாயி, சின்னப்பொண்ணு போன்ற ஒரு சிலரின் பெயர் வெளியே தெரிந்தது. 2008இல் ‘நாக்க முக்க’ வந்தபோது ஊரெல்லாம் சின்னப்பொண்ணுவின் குரலைக் கேட்டது. அவர் குணசேகரனோடு மேடையேறியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் தெரியாத மற்றப் பெண்களைப் பற்றி எழுதாமல் இந்த ஒலிநாடாவின் வரலாறு முடியாது.

இந்த மண்ணுக்கும் அந்தப் பாட்டுக்கும் உள்ள உறவுக்கு வருவோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. நூறாண்டு கழித்து, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணையில் நம்மவர்கள் அந்த நிலத்தைக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். வெண்மணியின் நெருப்பு அணையாத காலத்தில் எழுதப்பட்ட பாட்டு, அதற்குப் பின் இங்கே கேட்டபோதெல்லாம் நமக்குக் காரணையைப் பாடுவதாகவே பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் நிலத்தின் விலை ஏற ஏற அந்தப் பாட்டு பழசாகவில்லை.

பாட்டை எழுதியவரும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். கீழக்கரையில் பிறந்த இன்குலாப் ஊரப்பாக்கத்தில் வாழ்ந்தார். 2016 டிசம்பர் 1 அன்று மறைந்தபின் அவர் உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. பாடியவர் அதே ஆண்டு ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் இறந்தார். ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா உயிரை விட்ட நாளும் அதுதான். மறுநாள் நாம் ரோஹித்துக்காகத் தெருவில் நின்றோம். நின்றது சரியே. குணசேகரனுக்கு அன்று கூடி அழ நமக்கு நேரமில்லாமல் போனது.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த நாடா அறுந்துபோகும். அப்படியே எடுத்து வாருங்கள். உறை கிழிந்திருந்தாலும், எழுத்து அழிந்திருந்தாலும், இரண்டாம் பக்கத்தில் யாரோ கல்யாணத்தைப் பதிந்து வைத்திருந்தாலும் பரவாயில்லை.