முசிறித் துறையில் மூன்று மாதம்

கொச்சித் துறைமுகத்திற்கு வரும் உல்லாசப் பயணக் கப்பல்கள் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே அங்குத் தங்குகின்றன. பயணிகள் காலையில் இறங்கிச் சீன வலைகளையும் மட்டாஞ்சேரிக் கடைகளையும் கண்டுவிட்டு மாலையில் கப்பலேறி விடுகிறார்கள். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர், இதற்குச் சற்று வடக்கே பெரியாற்று முகத்துவாரத்தை அடுத்த முசிறியில் வந்திறங்கிய யவனர் அவ்வாறு திரும்ப இயலாது. தென்மேற்குப் பருவக் காற்றின் துணையால் ஆவணி, புரட்டாசியில் கரை சேர்ந்தவர்கள், எதிர்க் காற்று எழும் மார்கழி வரையில் காத்திருக்க வேண்டும். மூன்று மாத விருந்தாளி என்றே சொல்லலாம்.

அவர்கள் பொன்னைக் கொடுத்து மிளகைக் கொண்டு சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. கி.பி. 77ஆம் ஆண்டளவில் எழுதிய பிளினியோ முசிறியைப் பற்றிக் குறைகூறுகிறார்: கடற்கொள்ளையர் அருகில் உள்ளனர், கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நிற்பதால் சரக்கைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும் என்கிறார். வசதிக் குறைவு இவ்வளவு இருந்தும் கப்பல்கள் வந்தனவென்றால், சரக்கின் மதிப்பு எத்தகையது! (அச்சரக்கின் பெயரில் ஒரு வேடிக்கை. கிரேக்கர் மிளகுக்கு வழங்கிய பெயர் திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்னும் சொல்லின் திரிபு. மொழிபெயர்ப்பே தொழிலாகிய எனக்கு இத்தகைய பிழைகளிடம் சிறிது பரிவு உண்டு.)

2007 முதல் பட்டணம் என்னும் சிற்றூரில் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அதுவே முசிறி என்பதை அறிஞர் அனைவரும் ஒப்பவில்லை. எனக்கு அது பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆனால் மிளகு கடற்கரை மணலில் விளைவதன்று. இடுக்கி மலைகளினூடே இறங்கிவரும் பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. மலைச்சரக்குக்கு அதுவே இயற்கையான வழி. வடக்கே, மேற்கு மலைத்தொடர் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாய், துறைமுகத்தைக் கொங்கு நாட்டோடு இணைத்தது. கொடுமணலில் மணிகள் இழைக்கப்பட்டதும், கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்ததும் அவ்வழியின் பெருமையைக் காட்டுவன.

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு உள்ளது; 2ஆம் நூற்றாண்டினது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் அதில் காணப்படுகிறது. ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பலின் பெயரும், ஏற்றிய தந்தத்தின் எடையும், வரிக்கணக்கும் உண்டு. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். யானை எம்மலையில் திரிந்தது, தந்தத்தைச் சுமந்து இறங்கியவர் யார் என்னும் குறிப்பு மட்டும் இல்லை. கடன் கொடுத்தவனுக்கு அது தேவையுமில்லை.

செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே நகரத்துக் கோயில் ஒன்றில், தரையில் பதித்த பெருந்தாழியொன்றை அகழாய்வாளர் கண்டனர். உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு இருந்தது. தாழியும் இந்தியாவில் வனைந்ததே.