பேக்கப் இல்லாத மூன்று மாதங்கள்

2023 மே 17ஆம் தேதி முதல் ஆகஸ்ட் 26ஆம் தேதி வரை இலங்கை அரசின் மின்னஞ்சல்களில் பெரும்பகுதி இன்று யாரிடமும் இல்லை. ‘கவ் டாட் எல்கே’ என்று முடியும் சுமார் 5,000 முகவரிகள். அதில் அமைச்சரவை அலுவலகமும் உண்டு. ஆகஸ்ட் இறுதியில் ஒரு ரான்சம்வேர் உள்ளே புகுந்து அரசின் கிளவுடைப் பூட்டிப்போட்டது. அமைப்பைச் சீக்கிரமே எழுப்பி நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று மாதச் சொச்சத்துக்கு பேக்கப் இல்லை. போனது போனதுதான்.

செய்தியாகப் பார்த்தால் நாலு வரி. எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. மண்ணச்சநல்லூர்க்காரனுக்கு இலங்கை ஒன்றும் தூரதேசம் இல்லை. திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. சென்னைக்கு பஸ்ஸில் போனால் ஆறு மணி நேரம் ஆகும். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு அகதி முகாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் ரங்கநாதரும், ஐதீகப்படி, விபீஷணனுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தெற்கே பார்த்துக்கொண்டிருப்பவர்தான். போதாததற்கு என் தொழிலே சர்வர்களோடு மாரடிப்பது. ஆகவே ஒரு சின்னத் தீவு தன் கணினிகளைக் காத்துக்கொள்ள எப்படிக் கற்றுக்கொண்டது, எங்கே கோட்டைவிட்டது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1988 நவம்பரில் மோரிஸ் என்ற மாணவர் எழுதிவிட்ட புழு ஒன்று அமெரிக்க இணையத்தை நிலைகுலைய வைத்தது. அதற்குப் பிறகுதான் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் ‘செர்ட்’ குழு பிறந்தது. தீயணைப்பு நிலையம் மாதிரி. கணினிக்குத் தீப்பிடித்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு ஒரு பதில். இலங்கைக்கு டாட் எல்கே கிடைத்தது 1990இல். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சிலர்தான் அதைக் கட்டி மேய்த்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் இணையம் வந்தது ராணுவத்தின் வழியாக அல்ல, வாத்தியார்களின் வழியாக என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

முதல் அடி 1998இல் விழுந்தது. ‘இணையக் கரும்புலிகள்’ என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள் உலகெங்கும் உள்ள இலங்கைத் தூதரகங்களுக்கு நாளுக்கு 800 வீதம் சுமார் இரண்டு வாரங்கள் மின்னஞ்சல் அனுப்பித் தள்ளினார்கள். உங்கள் தகவல்தொடர்பைக் குலைக்கவே இதைச் செய்கிறோம் என்பதுதான் செய்தி. இன்றைக்கு ஒரு சுமாரான ஸ்பேம் ஃபில்டர் அதைக் காலை காபிக்கு முன்னால் விழுங்கிவிடும். அன்று டயலப் இணைப்பில் உட்கார்ந்திருந்த தூதரகங்களுக்கு அது பெரிய தலைவலி. ஆயுதக் குழு ஒன்று ஒரு நாட்டின் கணினிகள் மீது நடத்திய முதல் தாக்குதல் என்று அமெரிக்க உளவுத்துறை அதைப் பதிவு செய்தது. உலக சைபர் பாதுகாப்புப் பாடப்புத்தகங்களில் தமிழர்கள் நுழைந்த வாசல் இதுதான். பெருமைப்படுவதா கூசுவதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இரண்டும் வேண்டாம். வேறு வழிகள் எல்லாம் அடைபட்ட ஒரு போரில், தொழில்நுட்பமும் ஆயுதம் ஆகிவிட்டது. அதன் பலனை அனுபவித்தது யார் என்று பார்த்தால், ‘சைபர்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட அரசு இயந்திரம்தான்.

நிறுவனங்கள் வர இன்னும் எட்டு வருஷம் ஆனது. 2006 ஜூலை 1 அன்று இலங்கை செர்ட் தொடங்கியது. இந்தியாவின் செர்ட்-இன் அதற்கு இரண்டு வருஷம் மூத்தது, அவ்வளவுதான். மொறட்டுவை வாத்தியார்கள் தங்கள் பங்குக்கு டெக்செர்ட் தொடங்கினார்கள். 2007இல் கணினிக் குற்றங்கள் சட்டம். 2014இல் வங்கிகளுக்கென்று தனிக் குழு. 2015இல் புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் தெற்காசியாவிலேயே முதல் நாடாக இலங்கை சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. தாளில் பார்த்தால் அண்ணனைவிடத் தம்பி கெட்டிக்காரன்.

2016 பிப்ரவரியில் அதற்கு ஒரு சோதனை வந்தது. வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 95 கோடி டாலர் வரை உருவப் பார்த்தார்கள். 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 2 கோடி டாலர் இலங்கையில் ‘ஷாலிகா ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பின் கணக்குக்குக் கிளம்பியது. கிளம்பிய உத்தரவில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘ஃபண்டேஷன்’ என்று எழுத்துப்பிழையோடு இருந்தது. இடையில் இருந்த டாய்ச்ச வங்கி அதைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டது. கொழும்பு வங்கியிலும் இவ்வளவு பெரிய தொகை இங்கே எதற்கு என்று சந்தேகப்பட்டார்கள். பணம் திரும்பியது. ஃபயர்வாலைத் தாண்டி, பாஸ்வேர்டைத் தாண்டி வந்த திருட்டை, ஸ்பெல்லிங் தெரிந்த ஒரு குமாஸ்தா நிறுத்திவிட்டார்! நம்ம ஊர் இங்கிலீஷ் டீச்சர்கள் இதைப் பாடத்தில் சேர்க்கலாம்.

வடகொரியாவின் லாசரஸ் குழுதான் இதைச் செய்தது என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. அதே குழுவோடு இணைத்துப் பேசப்படும் டிட்ராக் என்ற நச்சுநிரல் 2019இல் கூடங்குளத்தில் தட்டுப்பட்டது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அணுமின் கழகத்துக்குச் சொல்லிவிட்டது. ஊருக்குத் தெரிந்தது அக்டோபர் 28இல், அதுவும் வெளியார் மூலமாக. 29ஆம் தேதி அணுமின் நிலையத்தின் அறிக்கை அப்படி எதுவும் நடக்க வாய்ப்பில்லை என்றது. 30ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு தொடர்புள்ள ஒரு கணினி பாதிக்கப்பட்டது உண்மை, உலையை இயக்கும் வலையமைப்பு தனியாக இருப்பதால் அதற்கு ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரியில் ‘வாய்ப்பில்லை’ ‘உண்மைதான்’ ஆனது. இந்த விஷயத்தில் 2023இல் இலங்கை நம்மைவிட நேர்மையாக நடந்துகொண்டது. எத்தனை முகவரி, எந்தத் தேதியிலிருந்து, எந்த மென்பொருள் என்று சொன்னார்கள்.

அந்த மென்பொருள் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. ஏப்ரல் 11, 2023 அன்று மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. அதன் பிறகு அதில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆளில்லை. 2021லிருந்தே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிட்டதாகவும், பணப் பற்றாக்குறையும் முந்தைய நிர்வாகக் குழுவின் சில முடிவுகளும் தடுத்ததாகவும் பொறுப்பான நிறுவனம் சொன்னது. பணப் பற்றாக்குறை என்பதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. மெயில் சர்வருக்கு லைசன்ஸ் வாங்க வேண்டும் என்ற கோப்பு அப்போது மேஜையில் எத்தனையாவதாகக் கிடந்திருக்கும்? அந்த வருஷங்களில்தான் படித்த பொறியாளர்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பினார்கள். செர்ட் என்ற பெயர்ப்பலகை இருந்தால் மட்டும் போதாது. மூன்று லட்சம் பேர் வாழும் பசிபிக் தீவான வனுவாட்டுவும் 2018லேயே செர்ட் வைத்திருந்தது. 2022 நவம்பரில் தாக்குதல் வந்தபோது அரசு ஊழியர்கள் சுமார் ஒரு மாதம் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பேக்கப் பற்றி எங்கள் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். ஶ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. 1323இல் உலூக் கான் படை வந்தபோது மூலவருக்கு முன்னால் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரைப் பிள்ளை லோகாசாரியர் தூக்கிக்கொண்டு தெற்கே போனார், வழியிலேயே இறந்தார். சிலை பல ஊர் சுற்றி 1371இல்தான் திரும்பியது. அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் இருந்தார். எது அசல்? பார்வையற்ற ஒரு முதிய சலவைத் தொழிலாளி, திருமஞ்சனத்தின் ஈரவாடையை வைத்து இவரே நம்பெருமாள் என்று அடையாளம் சொன்னதாகக் கோயில் மரபு. உவமையை ரொம்ப இழுக்கக் கூடாதுதான். ஆனால் நான் பார்த்தவரைக்கும், பிரதி எடுத்துவைக்காததைவிட அதிகமாக நடப்பது, எடுத்த பிரதி சரியா என்று யாரும் சோதிக்காமல் விடுவதுதான். எங்க ஊர் அரிசி ஆலை ஒன்றில் ஐந்து வருஷக் கணக்கை வாராவாரம் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஷார்ட்கட் ஐகான் மட்டும். நாற்பத்தெட்டு வருஷம் கழித்தும் முகர்ந்து சொல்ல ஓர் ஆள் இருந்தார் பாருங்க, அதைத்தான் ‘திறன்’ என்கிறார்கள். அந்த ஆள் கனடாவுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பது கொழும்பின் பிரச்சினை.

அரசு எதை அவசரம் என்று நினைக்கிறது என்பதற்குச் சட்டங்களே சாட்சி. சைபர் பாதுகாப்பு மசோதாவின் வரைவு 2019இலேயே வந்து, வரைவு மேல் வரைவாக வருஷங்கள் ஓடின. 2024 ஜனவரியிலோ, யார் இணையத்தில் என்ன பேசலாம் என்று ஆணைக்குழு வைத்துத் தீர்மானிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. 2018 திகன கலவரம், 2019 ஈஸ்டர் குண்டுகள், 2022 ஏப்ரல் போராட்டம் என்று ஒவ்வொரு முறையும் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அடைக்க மட்டும் கை தானாகப் போயிற்று. அதற்கு லைசன்ஸ் செலவு கிடையாது. 2021 சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் கழித்து டாட் எல்கே பதிவேட்டுக்குள் புகுந்தவர்கள், கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்களை ஒரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிரச்சினை உட்பட நாட்டின் குறைகள் எழுதியிருந்தன. பதிவேட்டைப் பூட்டலாம், பூட்டவும் வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்ததைப் பூட்டிவைக்க எந்த மென்பொருளும் இல்லை.

மின்னஞ்சல் போனதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு தேதியும் கூடவே வந்து நிற்கிறது. 1981 மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். பிரதி இல்லாதவை பல. தீ வைத்தவர்கள் வெளிநாட்டு ஹேக்கர்கள் அல்ல. காவல் துறையினரும் குண்டர்களும் என்பதுதான் சாட்சியம். தகவலைக் காக்க வேண்டிய அரசே அதற்கு ஆபத்தாக வரும் என்ற சாத்தியத்தை எந்தத் தேசிய சைபர் பாதுகாப்பு வியூகமும் எழுதிவைக்காது. 2019இல் இலங்கை வெளியிட்ட ஐந்தாண்டு வியூகத்துக்கும் இது பொருந்தும்.

2005இல் சில தமிழ்த் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்று ஓர் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துப் புத்தகம், பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டுமலர், கல்யாண அழைப்பிதழ் அளவுக்குச் சின்னதுகூட விடாமல் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கை செர்ட்டுக்கு ஒரு வயது மூத்த திட்டம். நான் சில ராத்திரிகளில் அங்கே போய் ஏதாவது ஒரு பழைய இதழைத் திறப்பேன். பக்க ஓரத்தில் கரையான் அரித்த தடம் ஸ்கேனிலும் அப்படியே தெரியும்.