கட்டுச்சோறும் விடியற்காலைப் பிரியாணியும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குப் பெங்களூரின் வைட்ஃபீல்ட் அடுக்குமாடிகளில் விளக்கெரியும் வீடுகள் இரண்டு விதம். ஒரு வீட்டில் எரிவது சமையலறை விளக்கு. குக்கர் இறங்கிவிட்டது, புளிக்காய்ச்சலின் வாசனை லிஃப்ட் வரைக்கும் வருகிறது. கோலாருக்குப் பக்கத்தில் அந்தரகங்கைக்கோ, முளபாகல் அருகே ஆவணிக்கோ, கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கோ குடும்பத்தோடு கிளம்பும் வீடு அது. இன்னொரு வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. நாலைந்து பேர் ஒரு காரில் ஏறி ஹொஸ்கோட்டைக்குப் போகிறார்கள். பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் தூரம்தான். அங்கே மணி தம் பிரியாணி, ஆனந்த் தம் பிரியாணி போன்ற கடைகளின் வாசலில் பொழுது விடியுமுன்பே வரிசை நின்றுவிடும்.

இரண்டு வீட்டிலும் தூக்கத்தைத் தொலைத்துத்தான் கிளம்புகிறார்கள். வெளியே போய்ச் சாப்பிடுவதில் இருவருக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் சோறு, குடும்பம், உழைப்பு ஆகியவை பற்றி இரண்டு வழக்கங்களும் வைத்திருக்கும் நினைப்பு வேறு வேறு. எது ருசி என்ற வாதம் முடியவே முடியாது. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இரண்டு: இந்தச் சாப்பாட்டுக்காக எழுந்தது யார்? யாரெல்லாம் சேர்ந்து சாப்பிட முடிந்தது?

இப்படி ஒப்பிட வைட்ஃபீல்ட் பொருத்தமான இடம். 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், டி. எஸ். ஒயிட் தலைமையிலான யூரேசியர் – ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அங்கே எழுந்த விவசாயக் குடியிருப்பு ஒயிட்டின் பெயரையே பெற்றது. 1990-களில் ஐடி பார்க் வந்த பிறகு ஊர் அடியோடு மாறியது. 2023-ல் மெட்ரோவும் எட்டிவிட்டது. இன்று ஒரே மாடியில் திருவண்ணாமலைக்காரரும் கலபுரகிக்காரரும் கொல்கத்தாக்காரரும் குடியிருக்கிறார்கள். விடுமுறை நாளில் எப்படிச் சாப்பிடுவது என்ற வழக்கத்தையும் அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

தூரத்துக்காகச் சமைப்பது, சமையலுக்காகத் தூரம் போவது

அடிப்படை வேறுபாடு பக்குவத்தில் இருக்கிறது. கட்டுச்சோறு, சமைத்த இடத்தை விட்டு வெகுதூரம் போய், ஆறு மணி நேரம் கழித்தும் கெடாமல் இருப்பதற்காகவே சமைக்கப்படுவது. பிரியாணி, அண்டாவின் மூடி திறந்த நிமிடத்தில் தட்டுக்கு வரவேண்டியது. முன்னதில் சாப்பாடு நம்மோடு பயணம் போகிறது. பின்னதில் நாம் சாப்பாட்டைத் தேடிப் போகிறோம்.

புளியோதரை கட்டும் கையைக் கவனித்தால் இது புரியும். உதிரியாக வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி, மஞ்சள்பொடியும் கறிவேப்பிலையும் போட்டு ஆறவிடுவார்கள். ஆறிய பிறகுதான் புளிக்காய்ச்சல் சேரும். சூடாகக் கட்டினால் உள்ளே ஆவி வியர்த்து, மதியத்துக்குள் சோறு ஊசிப்போகும். சமைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும். புளியின் அமிலம் அந்தப் பெருக்கத்தைத் தடுக்கிறது. தயிர்சாதத்தில் அதே வேலையைத் தயிரின் நுண்ணுயிர்களும் அவை உண்டாக்கும் புளிப்பும் செய்கின்றன. குழைய வடித்த சோற்றில் பாலை நிறைய விட்டுத் தயிரை ஒரு கரண்டி மட்டும் சேர்ப்பது அதற்காகத்தான்: கிளம்பும்போது பால்சோறாக இருப்பது, மலையேறி இறங்கும்போது அளவான புளிப்போடு தயிர்சாதமாகியிருக்கும்.

இதே கணக்குத்தான் சாப்பிடும் வரிசையையும் தீர்மானிக்கிறது. தேங்காய்ச் சாதம் சீக்கிரம் கெடும், ஆகவே முதலில் அது. எலுமிச்சைச் சாதத்தை மதியத்துக்குள் முடித்துவிடவேண்டும். புளியோதரை மாலைவரை தாங்கும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி வண்டியிலேயே காலைப் பசியை அடக்கிவிடும்.

பிரியாணியின் கணக்கு நேரெதிர். தம் போட்ட அண்டாவுக்குள் ஆவி அடைபட்டிருக்கும். தணல் சூடு இறங்காமல் காக்கும். கிருமிகள் பெருகும் வெப்பநிலை ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. அதற்கு மேலேயே இருக்கும்வரை கறிச்சோற்றுக்குப் பயமில்லை. பரிமாறுபவர் மேலிருந்து கிளறாமல், ஓரமாகக் கரண்டியை இறக்கி, அரிசியும் கறியும் அடுக்குக் குலையாமல் அள்ளி வைக்கிறார். அந்தத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சாலையோரத்திலோ கார் பானட்டின் மேலோ வைத்து அங்கேயே சாப்பிட்டால்தான் அதன் முழு ருசி. பொட்டலமாகக் கட்டி நந்தி மலைக்குக் கொண்டுபோய் மதியம் பிரித்தால் கொழுப்பு உறைந்து, சோறு ஈரம் விட்டு, ருசியும் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும்.

ஸ்விக்கி 2014-ல் பிறந்தது இதே பெங்களூரில். எதையும் வாசலுக்கு வரவழைக்கலாம் என்ற ஊரில் ஆட்கள் நாலு மணிக்கு எழுந்து வரிசையில் நிற்கிறார்கள் என்றால், அந்த இருட்டுப் பயணமும் காத்திருப்பும் நண்பர்களின் பேச்சும்தான் அவர்களுக்கு உல்லாசப் பயணம். பிரியாணி அதன் உச்சம். கட்டுச்சோற்றுக் குடும்பத்துக்கோ அந்தரகங்கையின் சுனையும் ஆவணியின் பழைய கோயில்களும்தான் பயணம். சாப்பாடு அதன் நடுவே ஓர் இளைப்பாறல். ஒன்றில் எட்டு மணிக்குள் வீடு திரும்பித் தூங்கலாம். மற்றதில் பொழுது சாய்ந்துதான் வீடு.

பந்தியில் யார்

கட்டுச்சோற்றின் பந்தி வயதைப் பார்ப்பதில்லை. பல் போன பாட்டிக்குத் தயிர்சாதம், காரம் ஆகாத குழந்தைக்கு நெய்யும் பருப்பும் பிசைந்த சோறு, சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு நேரத்துக்கு இரண்டு இட்லி என்று எல்லாருக்கும் அந்தப் பையில் ஏதாவது இருக்கும். மரத்தடியில் துண்டை விரித்தால் அதுவே பந்தி. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் சித்திரான்னங்களோடு குடும்பங்கள் கூடும் வழக்கம் இதன் பெரிய வடிவம். கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவதும் ஓர் ஆடிப்பெருக்கு நாளில்தான். பசித்தவருக்குக் கொடுப்பதும் இதில் அடக்கம். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துவந்து பசியால் தளர்ந்த அப்பருக்குச் சிவன் அந்தணராக வந்து பொதிசோறு தந்தார் என்கிறது பெரியபுராணம். திருக்குருகாவூரில் சுந்தரருக்குக் கட்டமுது தந்த கதையும் அதில் உண்டு. இரண்டு தலங்களிலும் அதை இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

விடியற்காலை வரிசைக்கு இப்படி எல்லாரையும் கூட்டிப்போக முடியாது. பாட்டியால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. குழந்தையை அந்நேரத்தில் எழுப்ப மனம் வராது. கறி சாப்பிடாதவருக்கு அங்கே வேலையில்லை. பெரும்பாலும் இளைஞர்களின் கூட்டம், அதிலும் ஆண்களே அதிகம். குடும்பத்தைப் பொறுத்தமட்டில் பிரியாணிப் பயணம் சிலரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் பயணம்.

ஆனால் குடும்பத்துக்கு வெளியே பார்த்தால் கணக்குத் தலைகீழாகிறது. வழிக்குச் சோறு கட்டிக்கொண்டு போனதற்குக் கெடாத பக்குவம் மட்டும் காரணம் அல்ல. பிற சாதியார் சமைத்ததைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. சொந்தச் சமையலறையின் சோறு கூடவே வந்தால் வழியில் யார் கையிலும் வாங்கவேண்டாம். ஊரூருக்கு உணவகங்கள் வந்தபோதும் அந்தப் பிரிவினை சீக்கிரம் சாகவில்லை. உணவகப் பெயர்ப்பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதுவதை எதிர்த்துப் பெரியார் 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் போராட்டம் தொடங்கவேண்டியிருந்தது. அந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு ஹொஸ்கோட்டை வரிசையைப் பாருங்கள். லாரி ஓட்டுநரும் மென்பொருள் பொறியாளரும் கல்லூரி மாணவரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள்; சமைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை; ஒரே அண்டாவிலிருந்து எல்லாருக்கும் சோறு வருகிறது. கட்டுச்சோறு தன்னுடையவர்களை ஒன்றுசேர்க்கிறது. பிரியாணி வரிசை முன்பின் தெரியாதவர்களை ஒன்றாக நிறுத்துகிறது. இதற்காக அந்த வரிசையை நான் மதிக்கிறேன்.

எழுந்தது யார்

இங்கேதான் கட்டுச்சோறு தலைகுனிய வேண்டியிருக்கிறது. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். உல்லாசப் பயண நாளில் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. முந்தின இரவே புளி கரைத்து, வேர்க்கடலை வறுத்து, டப்பாக்களைத் துடைத்து வைப்பவரும், நாலு மணிக்கு எழுந்து கட்டுபவரும், இறங்கிய இடத்தில் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருபவரும், இரவு எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்களைக் கழுவுபவரும் பெரும்பாலும் ஒருவரே. மற்றவர்களுக்கு விடுமுறை, அவருக்கு வேலை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். "அம்மா கட்டின புளியோதரை மாதிரி வருமா" என்று ஆசையாகப் பேசுகிறவர்கள், அந்த அம்மா எந்தச் சுனையையாவது நின்று பார்த்தாரா என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

பிரியாணிப் பயணத்தில் வீட்டில் யாரும் அடுப்பின் முன் நிற்பதில்லை. உழைப்பு அங்கேயும் உண்டு: இரவெல்லாம் கறி நறுக்கி, வெங்காயம் வதக்கி, அண்டா ஏற்றியவர்கள் விடியும்போது ஓய்ந்திருப்பார்கள். ஆனால் அது கூலிக்குச் செய்யும் வேலை; இன்ன நேரம், இன்ன சம்பளம் என்று பேசிக்கொள்ளக்கூடியது. வீட்டில் நடக்கும் வேலை அன்பின் கணக்கில் சேர்ந்துவிடுவதால் அதற்கு ஓய்வும் கேட்கமுடிவதில்லை.

விட்டுவிட்டு வருவது

பழைய கட்டுச்சோறு குப்பை விட்டதில்லை. வாட்டிய வாழையிலையை மாடு தின்னும். தூக்குவாளி வீட்டுக்குத் திரும்பும். இன்று அதே புளியோதரையோடு பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பொட்டலமும் மலையேறுகின்றன. கர்நாடகம் 2016-ல் பல பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் தடை. ஆனாலும் மலைப்பாறை இடுக்குகளில் குப்பை கிடக்கிறது. அந்தரகங்கையில் குரங்குகள் பையைப் பறித்துப் பிய்த்துப் போடுவதும் அதில் சேர்கிறது. சாப்பிடும் இடமே கடைவாசலாக இருப்பதால் பிரியாணியின் குப்பை ஓரிடத்திலேயே சேர்கிறது, அள்ளுவது எளிது. எவர்சில்வர் டப்பாவுக்கும் இலைக்கும் திரும்பாதவரை இந்த விஷயத்தில் கட்டுச்சோற்றுக்காரர்கள் பழம்பெருமை பேச முடியாது.

இரண்டுக்கும் நடுவே

நடுவழிகள் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கின்றன. வைட்ஃபீல்டிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக ஒகேனக்கல் போனால், ஆற்றங்கரையில் மீனை நாமே பார்த்து வாங்கிக் கொடுக்கலாம். அங்குள்ள பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துக் குழம்பும் வறுவலும் சோறும் ஆக்கித் தருவார்கள். அவர்களுக்குக் கூலி, நம் வீட்டாருக்கு ஓய்வு. குளித்துவிட்டு வருவதற்குள் சாப்பாடு தயார், பாட்டி முதல் பேரன்வரை ஒரே பந்தி. வட கர்நாடகத்தில் எள்ளமாவாசையன்று குடும்பங்கள் ரொட்டியும் பல காய்கள் சேர்ந்த பஜ்ஜியும் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய், விளையும் பயிருக்குப் படைத்துவிட்டு, அக்கம்பக்கத்தவரையும் நண்பர்களையும் அழைத்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டுச் சோறு வீட்டுக்காரருக்கு மட்டும் என்ற எல்லை அங்கே இல்லை.

நம்மிடமும் கூட்டாஞ்சோறு இருக்கிறது. ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து ஒன்றாக ஆக்கிச் சாப்பிடும் அந்த வழக்கம்தான் அடுக்குமாடி வாழ்க்கைக்கு எல்லாவற்றையும்விடப் பொருந்தும் என்பேன். நான்கு வீடு சேர்ந்து கிளம்புங்கள். ஒரு வீடு புளியோதரை, ஒரு வீடு தயிர்சாதம், கலபுரகி வீடு ஜோள ரொட்டியும் கடலைச் சட்னிப்பொடியும், இன்னொரு வீடு பழமும் தண்ணீரும். அப்போது யாரும் நாலு மணிக்கு எழவேண்டாம். தெரியாத கையால் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் குழந்தைகளுக்கும் வரும். பரிமாறுவதும் டப்பா கழுவுவதும் அன்று ஆண்களின் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஹொஸ்கோட்டைக்கும் போகலாம், அதற்கு இன்னொரு ஞாயிறு இருக்கிறது. எந்த ஞாயிறானாலும் கட்டியவர் முதல் பந்தியில் உட்காரவேண்டும். அதைச் செய்யாத வீடு எவ்வளவு தூரம் போய்வந்தாலும் அங்கே ஒருவருக்கு இன்னும் விடுமுறை கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.