இருக்கை

‘இரு’ என்னும் வினையடியோடு ‘கை’ விகுதி சேர்ந்து பிறந்தது இருக்கை. உட்காரும் இடம் என்பதே இன்று முதற்பொருள். பழந்தமிழில் குடியிருப்பு என்ற பொருளும் உண்டு. பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கென நிறுவப்படும் பதவியும் இருக்கைதான்.

2021இல் இச்சொல்லுக்குச் சட்ட பலம் கிடைத்தது. 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு அரசு 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். துணிக்கடையில் புடவையை விரித்துக் காட்டி, மடித்து அடுக்கி, மறுபடி விரித்து, நின்றபடியே பொழுதைக் கழிக்கும் பெண்ணுக்கு இது சலுகையே அல்ல, உடல்நலம். கால் வீக்கம், இடுப்புவலி, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது எல்லாம் நெடுநேரம் நிற்பவர்களைத் தேடி வருபவை. சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தவரை மேற்பார்வையாளர் முறைத்தால் சட்டம் நடப்புக்கு வந்ததாகாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி பணியாளரிடமும் பேச வேண்டும்.

கேரளம் 2018லேயே இப்படித் திருத்தம் செய்தது. அதற்கு வித்திட்டவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். அவர்களுடைய போராட்டத்துக்கு ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர். மலையாள ‘இரிக்கல்’ பிறந்ததும் இதே வேரிலிருந்துதான்.