தியாகராய நகர்: சந்தையும் சட்டமும்

சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே விரிந்த குடியிருப்பும் கடைவீதியும் சேர்ந்த பகுதி தியாகராய நகர், பேச்சில் டி.நகர். சந்தைச் சீர்திருத்தத்தின்போது அரசும் மக்களும் ஒருவரையொருவர் எப்படி இழுத்துப் பிடித்தார்கள் என்பதை இந்தியாவில் அருகிலிருந்து பார்க்கத் தக்க இடம். சீனாவில் 1978க்குப் பிறகு அரசே முன்னின்று சந்தையைத் திறந்தது. யார் எந்த ஊரில் குடியிருக்கலாம் என்ற பதிவேட்டை மட்டும் கையைவிட்டு விடவில்லை. டி.நகரில் கடை முந்திக்கொண்டது. சட்டம் பின்னால் ஓடிவந்தது.

இத்தனைக்கும் இது அரசு அளந்து போட்ட ஊர். 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, நீதிக்கட்சி ஆட்சியில் பழைய நெடும் ஏரியின் நீரை வடித்து மனை பிரித்தார்கள். ஊருக்குப் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர். நடுவிலுள்ள பூங்காவுக்கு 1921 முதல் 1926 வரை முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர். உஸ்மான் சாலை, ஜி.என்.செட்டி சாலை என்று தெருப்பெயர்களை வாசித்தாலே அக்காலத்து அரசியல் வருகைப்பதிவேடு கிடைத்துவிடும். பாண்டி பஜாரின் பெயர் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனாரிடமிருந்து வந்தது என்பர்.

வீடு கட்டப் பிரித்த மனைகளில் கடைகள் வந்தன. நல்லி பட்டுக்கடை 1928இலேயே தொடங்கியது. பின்னாளில் தென்மாவட்ட வணிகர்கள் ரங்கநாதன் தெருவில் பாத்திரமும் துணியும் விற்றார்கள். ரயிலை விட்டு இறங்கினால் கால் வைப்பதே கடைக்குள் என்கிற இட அமைப்பு அவர்களுக்கு வாய்த்தது.

சீர்திருத்தம் என்றதும் எல்லோரும் 1991 ஜூலை பட்ஜெட்டைத்தான் சொல்வார்கள். நகைக்கடைகள் வளர்ந்த உஸ்மான் சாலைக்கு அதைவிட நெருக்கமான ஆண்டு 1990. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றது அரசு. 22 காரட்டில் தாலி செய்து பழகிய ஊரில் பத்தர்கள் பலர் பட்டறையை மூடினார்கள். காரட் வரம்பு 1966இல் தளர்ந்தது. ஆனால் 1968ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் கட்டித்தங்கம் வைத்திருப்பதைத் தடுத்து, வியாபாரியை லைசென்ஸுக்குள் அடக்கியது. அச்சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. 1992இல் வெளிநாடுவாழ் இந்தியர் வரி கட்டி 5 கிலோ தங்கம் வரை கொண்டுவர அனுமதி கிடைத்தது. அடுக்குமாடி நகைக்கடைகளின் காலத்துக்கு அப்படித்தான் வழி திறந்தது.

கடைகள் உயர்ந்த வேகத்துக்கு வரைபட அனுமதி ஈடுகொடுக்கவில்லை. பல இடங்களில் அனுமதிக்கு மேலே மாடிகள் எழுந்தன. இங்கே அரசு கண்டுபிடித்த சொல் 'வரன்முறைப்படுத்துதல்': விதியை மீறிக் கட்டு, பிறகு கட்டணம் கட்டு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு 1998இல் சேர்க்கப்பட்டது. ஒருமுறைச் சலுகை என்ற அளவில் அதை 2000இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த 'ஒருமுறை' மீண்டும் மீண்டும் நீண்டது. நீட்டிப்புகளை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அவசரச் சட்டம் போட்டு, விதிமீறிய கட்டடங்கள் மீதான நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் இறந்தனர். 2011 அக்டோபர் கடைசியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியும் பல கட்டடங்களுக்குச் சீல் வைத்தன. 2012 பொங்கலுக்கு முன்பே உச்ச நீதிமன்ற உத்தரவால் அவை தற்காலிகமாகத் திறந்தன. அதே ஆண்டு 113-சி பிரிவு வந்தது. 2007 ஜூலைக்கு முன் எழுந்த கட்டடங்களுக்கு விலக்கு. ஆட்சி மாறினாலும் இந்த ஒரு கொள்கை மாறவில்லை.

மாடி கட்டியவருக்குக் கிடைத்த பொறுமை பிளாட்பாரக் கடைக்காரருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீண்ட வழக்குகளுக்குப் பின் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013இல் மாநகராட்சி கட்டிய வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். பூவும் வளையலும் ரிப்பனும் நடக்கிற காலுக்கு எதிரே இருந்தால்தான் விற்கும். அதை வாங்க யார் மாடியேறுவார்? தெருவியாபாரிகளைக் காக்கும் மத்தியச் சட்டம் மறு ஆண்டு, 2014இல்தான் வந்தது. காலியான சாலையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மேயில் வந்தது.

கடைக்குள் நின்றவர்களை அரசு கவனித்தது மிகத் தாமதமாக. தென்மாவட்டங்களிலிருந்து வந்து, கடை முதலாளி கொடுத்த விடுதியில் தங்கி, நாள் முழுக்க நின்றே விற்ற இளைஞர்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் திரைக்குக் கொண்டுவந்தது. ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்.