விட்வொர்த் ரைபிள்: நுண்ணளவையும் படைத்தேவையும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான விட்வொர்த் ரைபிள், தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் படைக்கருவிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. எனினும், அது அந்நோக்கத்திற்கென வடிவமைக்கப்பட்டதன்று. படை முழுமைக்கும் உரிய கருவியாகத் திட்டமிடப்பட்டு, அந்நிலையில் ஏற்கப்படாமற் போனமையாலேயே தேர்ந்த சுடுநர் சிலரின் கைக்கு அது சென்றது.

1854இல் என்ஃபீல்டு ரைபிளைப் பெருமளவில் உற்பத்தி செய்வதற்கான இயந்திரங்களை வடிவமைக்குமாறு பிரித்தானிய அரசு மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த்தை அணுகியது. திருகுமரைகளுக்குப் பொது அளவு வகுத்தவர் அவர். அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் அளக்கும் கருவியை உருவாக்கியவர். துப்பாக்கிக் குழலின் சிறந்த வடிவம் எதுவென்பது ஆய்வால் நிறுவப்படாத நிலையில் இயந்திரம் செய்தல் பொருந்தாது என்பது அவர் கருத்து. இதனையேற்ற அரசு, அவரது இல்ல வளாகத்தில் 500 கெஜ நீளமுள்ள, கூரையிட்ட சுடுகூடம் ஒன்றை அமைத்துத் தந்தது.

என்ஃபீல்டு குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், அதன் புரி 78 அங்குலத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றியது. விட்வொர்த் உள்விட்டத்தை 0.451 அங்குலமாகக் குறைத்தார். புரியை 20 அங்குலத்திற்கு ஒரு சுற்றாக விரைவாக்கினார். குழலின் உட்புறத்தை அறுகோணமாக அமைத்து, அதற்கிசைந்த நீண்ட குண்டையும் வார்த்தார். குறுகிய, நீண்ட குண்டு காற்றின் தடையை எளிதில் ஊடுருவும். ஆனால் விரைந்து சுழன்றாலன்றி நிலைதடுமாறும். வடிவமைப்பின் அடிப்படை இதுவே.

1857இல் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளில், 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்தினது 0.37 அடி. 1,100 கெஜத்தில் என்ஃபீல்டின் விலகல் 8.04 அடி, விட்வொர்த்தினது அதனினும் மிகக் குறைவு. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டின் குண்டுகள் இலக்கில் பதியவில்லை. விட்வொர்த்தின் விலகல் 4.62 அடியாக இருந்தது.

இருந்தும் படைத்துறை அதனை ஏற்கவில்லை. குழல்வாய் வழியே குண்டிடும் கருவியில், வெடிமருந்தின் கரி குறுகிய குழலில் படிந்து அடுத்த குண்டை இறுக்கியது. உற்பத்திச் செலவும் மிகுதி. இம்மறுப்பைப் பழமைவாதமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஆயிரக்கணக்கான சாதாரண வீரர்கள் சேற்றிலும் புகையிலும் கையாள வேண்டிய கருவிக்குத் துல்லியத்தினும் எளிமையே முதன்மையானது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பு இதனைச் சிறு எண்ணிக்கையில் தருவித்துத் தேர்ந்த சுடுநர்க்கு வழங்கியது. சிலவற்றில் குழலின் பக்கவாட்டில் டேவிட்சன் தொலைநோக்கி பொருத்தப்பட்டது. 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் வடபகுதித் தளபதி ஜான் செட்ஜ்விக் சுட்டு வீழ்த்தப்பட்டது இக்கருவியாலேயே என்பது பரவலான கருத்து. பல வீரர் கூடிச் சுடும் முறைக்குப் புறம்பாக, ஒருவர் தொலைவிலிருந்து குறித்த ஒரு மனிதரைத் தேர்ந்து கொல்லும் போர்முறை இதனால் வலுப்பெற்றது.

1871இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் உள்விட்டம் 0.45 அங்குலம், புரி 22 அங்குலத்திற்கு ஒரு சுற்று. பின்புறம் தோட்டாவிடும் முறை குண்டிடும் இடர்ப்பாட்டை நீக்கியதும், முன்னர் மறுக்கப்பட்ட அளவே பொது அளவாயிற்று. எனவே விட்வொர்த்தின் தோல்வி கொள்கையின் தோல்வியன்று; அக்கொள்கையைத் தாங்கும் பிற நுட்பங்கள் அன்று முதிராமையின் விளைவே எனலாம்.