மண்ணிடம் முதலில் கேட்போம்

புதிய சாலையோ குடியிருப்போ அமையவிருக்கும் வயலில் முதலில் இறங்குபவர் நில அளவையாளர் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளில் அவரையடுத்துத் தொல்லியலாரும் இறங்குகின்றனர். கட்டுமான எந்திரங்கள் மண்ணைப் புரட்டுமுன், முன்னோர் விட்டுச் சென்றது ஏதேனும் அதனுள் உண்டா என்று பார்த்துவிடுவது அவர்களுடைய கடமை. இதனைச் சோதனை அகழ்வு என்று நாம் தமிழில் கூறலாம். ஏடுகளில் இடம்பெறாத எளிய மனிதர்களை அறிய இது எவ்வாறு துணைசெய்கிறது என்பதையும், அது எங்கே கைவிட்டுவிடக்கூடும் என்பதையும் ஈண்டுக் காண்போம்.

முறை எளியது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமும் முப்பது மீட்டர் நீளமும் உள்ள குழிகளை, வயல் முழுவதும் இடைவெளி விட்டு எடுப்பர். பற்களற்ற வாளி பூட்டிய மண்வாரி எந்திரம், ஏர் உழுத மேல்மண்ணை மட்டும் மெல்ல வழித்தெடுக்கும். மனிதக் கை படாத அடிமண் தெரிந்தவுடன் எந்திரம் நிறுத்தப்படும். அதன்பின் கைக்கருவிகளே பேசும். அடிமண்ணின் நடுவே ஓரிடம் மட்டும் நிறம் மாறிக் கறுத்திருப்பின், என்றோ ஒருவர் தோண்டிய பள்ளம் அங்கே நிரம்பிக் கிடக்கிறது என்று பொருள். வட்டக் கறைகள் வரிசையாக அமைந்திருப்பின், மரத்தூண்கள் நட்டு எழுப்பிய வீடொன்று அங்கே இருந்திருக்கலாம். நீண்டு செல்லும் கரும்பட்டை, தோட்டத்தின் எல்லைப் பள்ளமாக இருக்கலாம். இவற்றையெல்லாம் அளந்து, வரைந்து, படமெடுத்து வைப்பர். நிலம் முழுவதையும் தோண்டுவதில்லை. பிரான்சில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை திறந்து பார்ப்பது வழக்கம். அதில் கிடைக்கும் சான்றைக்கொண்டே விரிவான அகழாய்வு தேவையா என்று முடிவுசெய்வர்.

இந்த ஏற்பாடு எளிதில் வந்துவிடவில்லை. 1989-ஆம் ஆண்டில் லண்டனில் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது, ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அதனைக் காக்கவேண்டுமென்று பெருங்கிளர்ச்சி எழுந்தது. அடுத்த ஆண்டே, கட்டட அனுமதி வழங்குமுன் நிலத்தின் தொன்மையை ஆராய வழிசெய்யும் நெறிமுறையை இங்கிலாந்து அரசு வெளியிட்டது. 1992-இல் மால்டாவின் வல்லெட்டா நகரில் ஐரோப்பிய நாடுகள் இதுகுறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்சு 2001-இல் சட்டம் இயற்றி, 2002-இல் இப்பணிக்கெனத் தேசிய நிறுவனம் ஒன்றையும் நிறுவியது. இதன் பயனைச் சிற்றூர்ப்புறங்களே மிகுதியாகப் பெற்றன. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கும் ஹண்டிங்டனுக்கும் இடையே புதிய சாலை அமைப்பதன் பொருட்டு 2016 முதல் 2018 வரை நடந்த பெரும் அகழாய்வில், மக்கள் கைவிட்டுச் சென்ற இடைக்காலச் சிற்றூர் ஒன்றும், அதற்கும் முற்பட்ட சாக்சன் காலக் குடியிருப்புகளும் வெளிப்பட்டன.

நம் உள்ளத்தைத் தொடும் சான்று தென்பிரான்சில் கிடைத்தது. அந்தலூஸின் ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக் அவர்கள் ஹிஜ்ரி 100-ஐ ஒட்டி, அதாவது கி.பி. 719 அளவில், நார்போன் நகரைக் கைக்கொண்டார். அவருக்குப் பின்வந்த அன்பஸா காலத்தில் 725-இல் நீம் நகரும் முஸ்லிம்களின் ஆட்சிக்கு உட்பட்டது. 759-இல் நார்போன் ஃபிராங்கியர் வசமானதோடு அவ்வட்டாரத்தில் அவ்வாட்சி முடிவுற்றது. ஏடுகள் படையெடுப்புகளைக் கூறின. அங்கே வாழ்ந்து மடிந்த சாதாரண முஸ்லிம்களைப் பற்றி அவை கூறியது சொற்பமே.

2006, 2007 ஆம் ஆண்டுகளில் நீம் நகரில் நிலத்தடி வாகன நிறுத்தம் கட்டுமுன், மேற்கூறிய சட்டத்தின்கீழ் அகழாய்வு நடந்தது. இருபது அளவான புதைகுழிகள் வெளிப்பட்டன. அவற்றுள் மூன்றில் மட்டும் உடல்கள் வலப்புறமாகச் சாய்த்து, முகம் தென்கிழக்கு நோக்க வைக்கப்பட்டிருந்தன. நம் ஊர்களில் மையித்தைத் தலை வடக்காகவும் முகம் மேற்காகவும் வைக்கிறோம். தென்பிரான்சிலிருந்து கிப்லா தென்கிழக்கே அமையும். எலும்புகள் 7 முதல் 9 ஆம் நூற்றாண்டுக்கு உரியவை எனக் கரிமக் கணிப்புக் காட்டியது. அவர்களுடைய தந்தைவழி மரபு வட ஆப்பிரிக்காவைச் சார்ந்தது என மரபணு ஆய்வு உணர்த்தியது. உமையாக்களின் படையில் சேர்ந்திருந்த பர்பர் இனத்தவராக இவர்கள் இருக்கக்கூடும் என்று 2016-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை கருதுகிறது.

இங்கே நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. எகிப்திய மன்னர்களின் கல்லறைகளில் பொன்னும் மணியும் அவர்கள் யார் என்பதைச் சொல்லின. நம் மார்க்கமோ மன்னனுக்கும் ஏழைக்கும் ஒரே கஃபன் துணியை விதித்தது. கப்றில் பொருள் எதனையும் வைப்பதில்லை. ஆகவே, துணி மக்கிய பின் எஞ்சுவது உடல் கிடந்த நிலையும் முகம் நோக்கிய திசையுமே. அவசரமாகத் தோண்டுவோருக்கு இவ்விரண்டும் புலப்படா. சோதனை அகழ்வுக்கும் இங்கே ஒரு வரம்புண்டு. நீண்ட எல்லைப் பள்ளங்கள் குழிகளில் எளிதில் அகப்படும். தனித்துக் கிடக்கும் சிறு கப்றோ இரண்டு குழிகளுக்கு இடையே தப்பிவிடும். எளிமையாக வாழ்ந்து எளிமையாக அடங்கியவர்களைத் தேடுவதற்கு, அரண்மனையைத் தேடுவதைவிடக் கூர்மையான கண்கள் வேண்டும்.

கப்றுகளைத் திறப்பது தகுமா என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. மரித்தவரின் கண்ணியம் காக்கப்படவேண்டும் என்பதில் நம் அறிஞர்களிடையே இரு கருத்தில்லை. ஆயின் சோதனை அகழ்வு இல்லாத இடத்தில் கப்றுகள் திறக்கப்படாமல் இருப்பதில்லை. அடித்தளம் தோண்டும் எந்திரம் அவற்றை அறியாமலேயே சிதைத்துவிடுகிறது. முன்கூட்டிப் பார்ப்பதன் தலையாய பயன், வரைபடத்தைத் திருத்தவும் சாலையைச் சற்று விலக்கவும் காலம் கிடைப்பதே. தொன்மையை இருந்த இடத்திலேயே விட்டுக் காப்பதையே வல்லெட்டா உடன்படிக்கையும் விரும்புகிறது.

நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கிறது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடுக்கிறது. அறிவிக்கப்படாத சாதாரண வயலுக்கும் கடலோரத் தோப்புக்கும் இந்தக் காவல் இல்லை. பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்து, நம் முன்னோரின் கடல் வாணிகத்துக்குச் சான்று பகர்ந்தன. அத்தகைய ஓடுகள் கிடக்கும் மண், இன்று மனைப்பிரிவுகளாக விற்பனையாகும் எத்தனை தோப்புகளின் அடியில் இருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது பழைய ஓடோ, காசோ, எழுத்துப் பொறித்த கல்லோ வெளிப்பட்டால், அதனை அப்புறப்படுத்துமுன் வேலையைச் சற்று நிறுத்தி, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறையினருக்கோ தெரிவிப்பது நம் கடமை. பழைய அடக்கத்தலங்களின் எல்லைகளை அறிந்த முதியோர் இருக்கும்போதே அவற்றை வரைந்து வைப்பதும் ஜமாஅத்தார் செய்யக்கூடிய பணியே. நீம் நகரில் அடங்கிய அம்மூவரின் பெயரை எந்த ஏடும் காக்கவில்லை. அவர்கள் முகம் நோக்கிய திசையை மண் காத்து வைத்திருந்தது.